துணியா, சட்டமா? ஸ்பீக்கர் கிரில் ஒலியை என்ன செய்கிறது

பெங்களூர் அல்சூர் ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது மாமாவின் வீடு. மாலையில் கச்சேரிப் பதிவு எதையாவது போடுவதற்கு முன் அவர் செய்யும் முதல் வேலை, இரண்டு ஸ்பீக்கர்களின் முகத்திலும் மாட்டியிருக்கும் கறுப்புத் துணிச் சட்டங்களை, அதாவது கிரில்களைக் கழற்றிச் சோபாவுக்குப் பின்னால் சாய்த்து வைப்பது. கேட்டு முடித்து அவர் எழுந்ததும் அத்தை செய்யும் முதல் வேலை, அவற்றை எடுத்துத் தூசி தட்டி மறுபடி மாட்டுவது. பல வருடங்களாக இப்படித்தான். "துணியை எடுத்தால்தான் தம்புரா காதில் விழுகிறது" என்பது மாமாவின் கட்சி. "பேத்தி வந்து விரலால் ஒரு குத்துக் குத்தினால் தம்புராவும் இருக்காது, பாட்டும் இருக்காது" என்பது அத்தையின் கட்சி. போன மாதம் நான் போனபோது அத்தை கேட்டுவிட்டார்: "நீயே சொல்லப்பா, இவர் சொல்வது நிஜமா, மனப்பிரமையா?"

பழைய ஆம்ப்ளிஃபயர்களையும் ஸ்பீக்கர்களையும் பழுதுபார்ப்பது எனக்கு இருபது வருடப் பழக்கம். எஸ்.பி. ரோட்டில் உதிரிபாகம் வாங்கப் போகும்போதும் யாராவது இதே கேள்வியைக் கேட்பார்கள். கடைக்காரர்கள் ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவார்கள்: "கழற்றிவிட்டுக் கேளுங்கள், சுத்தமாக இருக்கும்." அந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியில் தவறான ஆளைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறோம். பெரும்பாலான வீட்டு ஸ்பீக்கர்களில் அந்தத் துணி ஒலிக்குச் செய்யும் கெடுதல் மிகக் குறைவு. துணியைத் தாங்கி நிற்கும் மரச் சட்டம் செய்யும் கெடுதல்தான் அதிகம்.

துணி அங்கே எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்கலாம். தாத்தா காலத்து வால்வு ரேடியோக்களின் முகத்தில் தங்க இழை ஓடும் கெட்டித் துணி இருக்கும். உள்ளே ஒலியை எழுப்ப ஒரே ஒரு காகிதக் கூம்பு. மத்திய அலை வானொலியில் நிலையத்துக்கும் நிலையத்துக்கும் இடையே 9 கிலோஹெர்ட்ஸ்தான் இடைவெளி; ஒலி நிலைய அலைவரிசையின் இரு பக்கமும் பரவுவதால், அதில் பாதியான சுமார் 4.5 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி வீட்டுக்கு வந்து சேர்வதே அரிது. துணி விழுங்கக்கூடிய மேல்ஸ்தாயி ஒலி வராதபோது துணி கெட்டியாக இருந்தாலும் கவலையில்லை. பண்பலையில் 15 கிலோஹெர்ட்ஸ் வரை வந்தது. 1982இல் சி.டி. வந்தபோது அது 20 கிலோஹெர்ட்ஸ் ஆனது. அந்த ஒலிக்கென்றே ட்வீட்டர் என்னும் சிறு குமிழ் பெட்டியின் முகத்தில் தனியாக இடம் பிடித்தது. கெட்டித் துணி அப்போதுதான் பிரச்சினையானது.

ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை ஏறத்தாழ மூன்றரை மீட்டர் நீளம். 1 கிலோஹெர்ட்ஸ் என்றால் 34 செ.மீ., 10 கிலோஹெர்ட்ஸ் என்றால் 3.4 செ.மீ., 20 கிலோஹெர்ட்ஸ் என்றால் 1.7 செ.மீ. வழியில் நிற்கும் பொருள் அலையின் நீளத்தைவிட மிகச் சிறியதாக இருந்தால் அலை அதைப் பொருட்படுத்தாது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவானால் மோதும், திரும்பும், சிதறும். ஏரியில் படகு கிளப்பும் நீண்ட அலை, நீரில் நட்டிருக்கும் கம்பைச் சுற்றிக்கொண்டு அப்படியே போய்விடும். காற்று கிளப்பும் சிற்றலை அதே கம்பில் பட்டு வட்டம் வட்டமாகச் சிதறுவதைக் கரையில் நின்றே பார்க்கலாம்.

எனவே மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்திலிருந்து வரும் கனத்த ஓசையைக் கிரில் ஒன்றும் செய்வதில்லை. சட்டம் தளர்ந்து கடகடவென்று அதிர்ந்தால் மட்டும் அங்கே தொந்தரவு. அதற்குச் சட்டத்தைப் பெட்டியோடு பிடித்துவைக்கும் முளையைச் சரியாக அழுத்தினால் போதும். பாதிக்கப்படுவது மேலே இருக்கும் உலகம்: தம்புராவின் தந்திக்கும் குதிரைக்கும் நடுவே செருகிய ஜீவா நூல் கிளப்பும் கிளைச்சுரங்கள், வலந்தலையில் விரல் படும் அந்த முதல் நொடி, கஞ்சிராவின் சலங்கை, பாடகர் வாயிலிருந்து வரும் ச, ஸ, ஷ ஓசைகள். கர்நாடக இசை கேட்பவர்கள் இந்த விஷயத்தில் மற்றவர்களைவிடக் கூருணர்வோடு இருப்பதற்கு அந்தத் தம்புராதான் காரணம் என்று நினைக்கிறேன். மூன்று மணி நேரமும் விடாமல் ஒலிக்கும் ஓர் ஒலி அது. அதன் நிறம் சிறிது மாறினாலும் காது கண்டுகொள்ளும்.

மாமாவின் காதைச் சோதிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். ஒரே ஒரு ஸ்பீக்கர். பாட்டுக்குப் பதில் பிங்க் நாய்ஸ்: தூரத்து அருவி போன்ற இரைச்சல், எல்லா ஸ்தாயிகளிலும் சம ஆற்றல் உள்ளது. பாட்டு நொடிக்கு நொடி மாறுவதால் சிறு வேறுபாடுகளை மறைத்துவிடும். இந்த இரைச்சல் மாறாமல் நிற்பதால் வேறுபாடு தனித்துத் தெரியும். மாமா கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டார். நான் நாணயத்தைச் சுண்டி, பூ விழுந்தால் கிரிலை மாட்டினேன், தலை விழுந்தால் மாட்டவில்லை. மாட்டும்போது பிளாஸ்டிக் முளை 'டக்' என்று காட்டிக்கொடுக்கும். அதனால் மாட்டாத முறையிலும் அந்த ஓசையை வேண்டுமென்றே எழுப்பினேன். அத்தை சமையலறை நாட்காட்டியின் பின்புறத்தில் குறித்துக்கொண்டார். பத்தில் ஒன்பது சரி. வெறும் குருட்டுயோகத்தில் ஒன்பதோ பத்தோ சரியாக வருவதற்கு 1024இல் 11 வாய்ப்புதான். மாமாவுக்குப் பிரமை இல்லை.

அடுத்துத்தான் எனக்கு முக்கியமான சோதனை. சட்டத்தின் பின்பக்கம் ஸ்டேப்ளர் கம்பிகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்துத் துணியைத் தனியாகப் பிரித்தேன். இப்போது துணி இல்லாத வெற்றுச் சட்டத்தை மாட்டியும் எடுத்தும் பத்து முறை. மாமா எட்டு முறை சரியாகச் சொன்னார். பிறகு சட்டமே இல்லாமல், துணியை மட்டும் பெட்டியின் முகத்தில் இழுத்துப் பக்கங்களில் காகித டேப்பால் ஒட்டிப் பத்து முறை. ஐந்து சரி, ஐந்து தவறு. "துணி இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லையே" என்று அவரே கட்டை அவிழ்த்துவிட்டுச் சொன்னார். அத்தை அந்தத் துணியைக் கையில் எடுத்துப் பார்த்தார். பத்துப் பன்னிரண்டு வருடமாகப் பழி சுமந்த துணி அது.

துணி ஏன் தப்பித்தது? ஸ்பீக்கருக்கென்று நெய்யும் துணி மெல்லிய பாலியஸ்டர் இழை, இழைகளுக்கிடையே தாராளமான இடைவெளி. காற்று அதன் வழியே எதிர்ப்பில்லாமல் போய்வர முடிந்தால் ஒலியும் போய்வரும். நல்ல துணி 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேகூட ஒரு டெசிபலுக்கும் குறைவாகவே குறைக்கும். வீட்டிலேயே சோதிக்கலாம்: துணியை உதட்டருகில் பிடித்து ஊதுங்கள், மறுபக்கம் உள்ளங்கையை வையுங்கள். துணியே இல்லாததுபோல் காற்று கையில் பட வேண்டும். வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது போதாது; குடைத்துணி வழியே வெளிச்சம் தெரியும், மூச்சு போகாது.

இதில் ஒரு கசப்பான அனுபவமும் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு நண்பர் கிழிந்துபோன கிரில் துணியை மாற்ற, சோபா உறை தைக்கும் கடை ஒன்றில் கொடுத்தார். வேலை அழகாக இருந்தது, மூலைமடிப்புகூடக் கச்சிதம். ஆனால் போட்டிருந்தது சோபாத் துணி. பின்பக்கம் மெல்லிய பசைப்பூச்சு வேறு. பாட்டெல்லாம் கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிட்டது. ட்வீட்டர் போய்விட்டது என்று நினைத்துப் புது ட்வீட்டர் வாங்கிப் போட்டும் மாறாமல், கடைசியில் என்னிடம் கொண்டுவந்தார். ஊதிப் பார்த்தேன், மூச்சு திரும்பி என் முகத்திலேயே அடித்தது. அப்படிப்பட்ட துணி மேல் ஒலியைக் குறைப்பதோடு நிற்பதில்லை. ஒரு பகுதியைப் பெட்டியின் முகத்துக்கே திருப்பி அனுப்புகிறது. அது அங்கே மோதி மறுபடி வெளியே வருகிறது. துணிக்கும் பலகைக்கும் இடையே ஒன்றரை செ.மீ. இருந்தால் இந்தப் போக்குவரத்து சுமார் 11 கிலோஹெர்ட்ஸ் பக்கம் தனியாக ஒரு மேடு பள்ளத்தை உண்டாக்கும். துணி வாங்கும்போது ஸ்பீக்கர் துணி என்றே கேட்டு வாங்குங்கள், எஸ்.பி. ரோட்டிலும் அதன் சந்துகளிலும் மீட்டர் கணக்கில் கிடைக்கும். வாங்குமுன் கடையிலேயே ஊதிப் பாருங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

இனிச் சட்டம். மாமாவின் ஸ்பீக்கரில் அது மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையில் 18 மி.மீ. உயரத்துக்கு அமைந்த சட்டம். ட்வீட்டரின் நடுவிலிருந்து இரு பக்கமும் சட்டத்தின் உள்சுவர் சரியாக 7 செ.மீ. ட்வீட்டரிலிருந்து ஒலி நேராக நம்மை நோக்கி மட்டும் வருவதில்லை. பெட்டியின் முகத்தை ஒட்டியபடி பக்கவாட்டிலும் பரவுகிறது. அப்படிப் பரவும் அலை 7 செ.மீ. போனதும் திடீரென்று ஒரு செங்குத்துச் சுவரில் மோதுகிறது. அங்கிருந்து ஒரு பகுதி முன்னால் சிதறி, நேராக வந்த ஒலியோடு சேர்ந்து நம் காதுக்கு வருகிறது. ஆனால் 7 செ.மீ. சுற்றிக்கொண்டு வந்ததால் விநாடியில் பத்தாயிரத்தில் இரண்டு பங்கு தாமதம்.

அவ்வளவு சிறிய தாமதத்தால் என்ன வந்துவிடும்? எதிரொலியாக அதை யாரும் கேட்க முடியாது. அது காட்டுவது வேறு விளைவு. அலைநீளம் 14 செ.மீ. உள்ள ஒலிக்கு, அதாவது சுமார் 2.45 கிலோஹெர்ட்ஸில், 7 செ.மீ. என்பது அரை அலை. நேரே வந்தது மேலேறும்போது சிதறி வந்தது கீழிறங்கும், ஒன்றையொன்று குறைத்துக்கொள்ளும். 4.9 கிலோஹெர்ட்ஸில் 7 செ.மீ. என்பது ஒரு முழு அலை. இரண்டும் சேர்ந்து ஏறும். 7.35 கிலோஹெர்ட்ஸில் மறுபடி குறையும். சீராக இருந்திருக்க வேண்டிய கோடு, சீப்பின் பற்கள்போல் மேடும் பள்ளமுமாக ஆகிவிடுகிறது. 2.45இல் இந்தப் பாதிப்பு லேசானதுதான், ஏனென்றால் 14 செ.மீ. அலைக்கு 18 மி.மீ. சுவர் ஒரு சிறு வரப்பு. மேலே போகப் போக அலை சுருங்குகிறது, வரப்பு மதிலாகிறது. சிதறி வரும் அலையின் வலிமை நேர் அலையில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தாலே மேட்டில் ஒன்றரை டெசிபல் கூடும், பள்ளத்தில் ஏறக்குறைய இரண்டு டெசிபல் குறையும். துணி 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எடுத்துக்கொள்ளும் அரை டெசிபலோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அதுவும் இது நடப்பது காது மிகக் கூர்மையாக இருக்கும் இடத்தில்.

இரண்டு பக்கமும் சரியாக 7 செ.மீ. என்று சொன்னேனே, அது நிலைமையை மோசமாக்குகிறது. இடப்பக்கச் சிதறலும் வலப்பக்கச் சிதறலும் ஒரே தாமதத்தில் வருவதால் மேடு மேட்டோடும் பள்ளம் பள்ளத்தோடும் சேர்ந்துகொள்கின்றன. ட்வீட்டரை ஒரு பக்கம் தள்ளிவைத்தால், ஒரு பக்கத்து மேடு மறுபக்கத்துப் பள்ளத்தில் போய் விழுந்து சமனாகும். சில ஸ்பீக்கர் ஜோடிகளில் ட்வீட்டர் நடுவில் இல்லாமல், இடது வலது பெட்டிகள் கண்ணாடிப் பிம்பம்போல் இருப்பதற்கு இது ஒரு காரணம். அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் ஒலிப் பொறியாளர் ஹாரி ஓல்சன் 1950களின் தொடக்கத்திலேயே, கோளம், கனசதுரம், உருளை என்று பல வடிவப் பெட்டிகளில் ஒரே மாதிரி ஸ்பீக்கரைப் பொருத்தி அளந்து காட்டினார். கோளத்தின் ஒலிக்கோடு மிகச் சீராக இருந்தது. உருளையின் தட்டையான முகத்தின் நடுவில் வைத்தது மிக மோசமானவற்றுள் ஒன்று, ஏனென்றால் அங்கே விளிம்பு எல்லாத் திசையிலும் ஒரே தூரத்தில் இருக்கிறது. அவர் அளந்தது பெட்டியின் விளிம்பை. கிரில் சட்டம் என்பது அந்த விளிம்பைவிட ட்வீட்டருக்கு இன்னும் நெருங்கி வந்து நிற்கும் இன்னொரு விளிம்பு. பெட்டியின் ஓரங்களை வடிவமைப்பாளர் பார்த்துப் பார்த்து வளைத்திருப்பார். அதன் மேல் செங்குத்துச் சுவரொன்றைக் கொண்டுபோய் வைத்தால் அவர் பட்ட பாடு வீண்.

சட்டம் ஒலியை நேரடியாக மறைக்கிறதா என்றால், பெரும்பாலும் இல்லை. 7 செ.மீ. தூரமும் 18 மி.மீ. உயரமும் என்றால், நேர்க்கோட்டிலிருந்து சுமார் 75 டிகிரி விலகிப் போனால்தான் ட்வீட்டர் சுவருக்குப் பின்னால் மறையும். அந்தக் கோணத்தில் யாரும் உட்கார்ந்து கேட்பதில்லை.

துணிக்குப் பதில் துளையிட்ட உலோகத் தகடு போட்ட ஸ்பீக்கர்களும் உண்டு. இங்கே பார்க்க வேண்டியது துளைகளின் மொத்தப் பரப்பு. தேன்கூடுபோல் வரிசை மாற்றி அடித்த துளைகளுக்கு ஓர் எளிய கணக்கு இருக்கிறது: துளையின் விட்டத்தைத் துளைக்குத் துளை உள்ள இடைவெளியால் வகுத்து, வருவதை அதாலேயே பெருக்கி, பிறகு 90.7ஆல் பெருக்கினால் திறந்த பரப்பு விழுக்காட்டில் கிடைக்கும். 3 மி.மீ. இடைவெளியில் 2 மி.மீ. துளை என்றால் 40 விழுக்காடு. 4 மி.மீ. இடைவெளியில் 3 மி.மீ. துளை என்றால் 51. கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல் தெரியும், காதுக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு துளைக்குள்ளும் இருக்கும் காற்று ஒரு சின்ன எடை; ஒலி அதைத் தள்ளிக்கொண்டு வெளியே வர வேண்டும். அதிர்வெண் கூடக் கூட அந்த எடையைத் தள்ளுவது கடினமாகிறது. துளை குறைவாகவும் தகடு தடிமனாகவும் இருந்தால் இழப்பு 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக ஏறும். மெல்லிய தகடு, பாதிக்கு மேல் திறப்பு என்று இருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. கூட்டங்களில் மேடையோரம் நிற்கும் பெரிய ஒலிபெருக்கிகளின் தடித்த இரும்புத் தகடு காலடியும் மழையும் தாங்குவதற்கானது. அந்தக் கணக்கை வரவேற்பறைக்குக் கொண்டுவர முடியாது.

ஃபோம் என்னும் நுரைப்பஞ்சு கிரில் 1970களின் அடையாளம். 1970இல் வந்த ஜே.பி.எல். எல்100 ஸ்பீக்கரின் முகத்தில் சதுரம் சதுரமாக வெட்டிய ஆரஞ்சு, நீல நிற ஃபோம் பலரை மயக்கியது. ஒலியைப் பொறுத்தவரை ஃபோம் மோசமில்லை. வயதுதான் அதற்கு எதிரி. காற்றின் ஈரம் பாலியூரித்தேனைச் சிறிது சிறிதாகச் சிதைக்கிறது. சில வருடங்களில் தொட்டால் உதிரும், இன்னும் சில வருடங்களில் பிசுபிசுக்கும். சென்னையிலிருந்து ஒருவர் கொண்டுவந்த பழைய ஜோடியின் கிரிலை எடுத்தபோது அது கேசரிபோல் விரல்களில் ஒட்டிக்கொண்டு வந்தது, பாதி உதிர்ந்து கூம்பின் மேல் கிடந்தது. அந்த நிலையில் இருப்பதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக வெட்டிப் போடுவதே நல்லது.

இவ்வளவையும் படித்துவிட்டுப் போய் எல்லாக் கிரில்களையும் கழற்றிவிடாதீர்கள். கிரில் இருப்பதை எண்ணியே உருவான ஸ்பீக்கர்கள் உண்டு. பி.பி.சி.யின் ஆராய்ச்சிப் பிரிவு 1970களில் உருவாக்கிய எல்.எஸ்.3/5ஏ என்னும் சின்னப் பெட்டியில் ட்வீட்டரைச் சுற்றித் தடித்த ஃபெல்ட் (அமுக்கிய கம்பளி) பட்டைகள் இருக்கும், முன்னால் துணி இருக்கும். இரண்டும் இருக்கும் நிலையில்தான் அதன் ஒலி சரிசெய்யப்பட்டது. துணியை எடுத்தால் வடிவமைத்தவர் கேட்டதிலிருந்து விலகிப் போகிறோம். அமெரிக்காவின் வாண்டர்ஸ்டீன் 2 பெட்டிக்கு முகம் என்று தனியாக ஒன்றே இல்லை; முழுவதும் துணி உறை போர்த்தியிருக்கும். இப்போது வரும் சின்ன வயர்லெஸ் ஸ்பீக்கர்களையும் சவுண்ட்பார்களையும் துணியோடு சேர்த்தே அளந்து, குறைவதை உள்ளிருக்கும் கணினிச் சில்லு ஈடுகட்டும்படி செய்யலாம். கழற்ற முடியாத கிரிலைக் கழற்ற முயல வேண்டாம். உங்கள் ஸ்பீக்கர் எந்த வகை என்று தெரிய, முதலில் அதோடு வந்த கையேட்டைப் பாருங்கள்; தயாரிப்பாளர்கள் பலர் இதை ஒரு வரியில் எழுதியிருப்பார்கள். கையேடு தொலைந்துபோயிருந்தால் கிரிலைத் திருப்பிச் சட்டத்தைப் பாருங்கள். மெல்லியதாக, உள்பக்கம் சரித்துச் செதுக்கி, ட்வீட்டரிலிருந்து தள்ளி நின்றால், ஒலியை நினைத்துச் செய்தவர்கள் என்று பொருள். செங்குத்தாக வெட்டிய தடித்த பலகை என்றால் அது அலங்காரத்துக்கும் பாதுகாப்புக்கும் மட்டுமே செய்தது.

கண் பார்ப்பதைக் காது நம்பிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. ஒலி ஆய்வாளர்கள் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஸ்பீக்கர்களை ஒரே ஆட்கள் பார்த்துக்கொண்டு கேட்டபோது கொடுத்த மதிப்பெண்ணும், மறைத்துவைத்துக் கேட்டபோது கொடுத்த மதிப்பெண்ணும் வேறாக இருந்தன. இத்தகைய சோதனைகளில் ஸ்பீக்கர்களை மறைக்க வைப்பது எது தெரியுமா? ஒலி தடையின்றிப் புகும் துணித் திரைதான். ஸ்பீக்கர்களின் தரத்தை முடிவு செய்யும் அறையிலேயே கேட்பவருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் ஒரு துணி தொங்குகிறது. நல்ல துணிக்கு இதைவிடப் பெரிய நற்சான்று வேண்டியதில்லை. பளபளக்கும் கூம்பும் உலோகக் குமிழும் கண்ணுக்குத் தெரிந்தாலே ஒலி 'திறந்துகொண்டது' என்று தோன்றுவது எல்லோருக்கும் நேர்வது. மாமா கண்ணைக் கட்டிக்கொண்டதற்குக் காரணம் அதுதான்.

அத்தையின் கட்சிக்கும் வருகிறேன், அது லேசானதில்லை. ட்வீட்டரின் குமிழ் பெரும்பாலும் 25 மி.மீ. விட்டம்; பட்டுத் துணியோ மிக மெல்லிய உலோகமோ. ஒரு குழந்தையின் ஆள்காட்டி விரலுக்கு அது அழுத்திப் பார்க்கச் சொல்லும் பொத்தான் மாதிரி. துணிக் குமிழ் உள்ளே போனால் டேப் ஒட்டி மெல்ல இழுத்தால் சில நேரம் மீளும். உலோகக் குமிழில் விழுந்த மடிப்பு நிரந்தரம். பெரிலியம் குமிழ் என்றால் உடைந்துவிடும், அதன் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. அத்தகைய ட்வீட்டர்களுக்கு முன்னால் கழற்ற முடியாத வலை வைப்பது அதனால்தான். இந்த ஊரில் தூசி வேறு. மெட்ரோ வேலை, தோண்டிய சாலை, பக்கத்து மனையில் எழும் அடுக்குமாடி. காலையில் துடைத்த மேசையில் மாலையில் பெயர் எழுதலாம். கூம்பின் மேல் படியும் தூசி ஒலியை உடனே மாற்றிவிடாது. அதைத் துடைக்கும் கைதான் ஆபத்து. ஈரத்துணியால் ட்வீட்டரைத் துடைத்து அழுத்திவிட்டவர்களைக் குழந்தைகள் குத்தியதைவிட அதிகமாகப் பார்த்திருக்கிறேன். கிரில் துணியின் தூசியை அதைக் கழற்றி வெளியே கொண்டுபோய்த் தட்டி, மென்மையான பிரஷ்ஷால் தள்ளினால் போதும்.

எனவே மாமாவுக்கு நான் சொன்னது: துணி இருக்கட்டும், சட்டத்தை மாற்றுவோம். ட்வீட்டர் பக்கத்து மேல்பாதியில் உள்ளோரத்தை இழைத்தோம். இங்கே ஓர் எச்சரிக்கை. சரிவு என்றதும் பலரும் 45 டிகிரி வெட்டிவிடுகிறார்கள். பலகையை ஒட்டி வரும் மிக உயர்ந்த ஒலி 45 டிகிரிச் சரிவில் பட்டால் நேராகக் கேட்பவரை நோக்கியே திரும்பும். எதைத் தவிர்க்கப் பார்த்தோமோ அதையே செய்ததாகும். சரிவு தாழ்வாக இருக்க வேண்டும். 18 மி.மீ. உயரத்தை 12ஆகக் குறைத்து, 20 மி.மீ. அகலத்துக்கு ஏறக்குறைய 30 டிகிரியில் சரித்தோம். அரமும் உப்புத்தாளும் வைத்து ஒரு பகல் முழுவதும் வேலை, எம்.டி.எஃப். தூளுக்காக மூக்கில் துணி கட்டிக்கொண்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து செய்தோம். சரிவின் மேல் 3 மி.மீ. கம்பளி ஃபெல்ட்டை ஒட்டினோம். உயரம் குறைந்ததால், கனத்த ஓசையைத் தரும் பெரிய கூம்பான ஊஃபரின் ரப்பர் விளிம்பு முழு வீச்சில் வெளியே வரும்போது துணியில் படுகிறதா என்று சத்தமாக வைத்துப் பார்த்தேன், படவில்லை. பழைய துணியையே தூசி தட்டி, நான்கு நடுப்பக்கங்களில் தொடங்கி மூலைகளை நோக்கி இழுத்து ஸ்டேப்ளர் அடித்தோம்.

மறுபடி துண்டு, மறுபடி நாணயம், அதே இரைச்சல், அதே 'டக்'. அத்தை நாட்காட்டியில் அடுத்த தாளைத் திருப்பினார். இந்த முறை பத்தில் ஆறு. ஆறோ அதற்கு மேலோ வெறும் யோகத்திலேயே வர 1024இல் 386 வாய்ப்பு உண்டு. இதை வைத்து வேறுபாடு கேட்டது என்று சொல்ல முடியாது. மாமா திருப்தியடையவில்லை, இன்னும் பத்து முறை வேண்டும் என்றார். அதில் ஐந்து.

பிறகு கச்சேரிப் பதிவு ஒன்றைப் போட்டோம். ஒரு ஸ்பீக்கரில் புதிதாக இழைத்த கிரில் மாட்டியிருந்தது, மற்றொன்று வெறுமையாக நின்றது. தம்புரா தொடங்கியதும் மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. வலப்பக்கச் சட்டம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை. அத்தை அதை இப்போதே எடுத்து மொட்டை மாடிப் படியருகில் வைத்திருக்கிறார்.